காலில்லாத கிருமி ஓடுவது எப்படி?

மலேரியாக் கிருமிக்குக் கால் கிடையாது. துடுப்பு கிடையாது. கொசு அதை நம் தோலுக்குள் விட்டுச் செல்லும் நேரத்தில் அதற்கு வால்கூட இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்திலேயே அது ஓடத் தொடங்கிவிடுகிறது. எதைக்கொண்டு ஓடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போன அறிவியலாளர்களுக்குப் பெரிய உதவி செய்தது ஒரு குரங்குக் கிருமி. அந்தக் குரங்கு நம்முடையது. குனோங் ஜெராய் ஏறும்போது சாலையோரம் உட்கார்ந்து, உங்கள் கையிலுள்ள ரொட்டிப் பொட்டலத்தையே பார்க்குமே, அந்த நீண்டவால் குரங்கினம்தான்.

மெர்கோங்கில் வளரும் உங்களுக்கு மலேரியா என்பது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல். உங்கள் கொள்ளுப்பாட்டி காலத்தில் அப்படி இல்லை. கூலிம், பாலிங், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். குளிர்க்காய்ச்சல் வந்தால் எத்தனை கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. தோட்ட மருந்தகத்து டிரஸர் கொடுக்கும் கொய்னா மருந்தின் கசப்பு நாக்கை விட்டுப் போகாது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து, காட்டை அழித்து ரப்பர் நட்டவர்களில் எத்தனையோ பேர் முதல் சில ஆண்டுகளைத் தாண்டவில்லை. அவர்களைக் கொன்ற நோய்களில் மலேரியா முன்வரிசையில் இருந்தது. இதை நாம் மறக்கக்கூடாது என்று நான் நினைக்கிறேன். இன்று நீங்கள் காணும் செம்பனைத் தோட்டங்களும் ஊர்களும் அவர்கள் திருத்திய நிலத்தில் எழுந்தவை.

அந்தக் காய்ச்சலை அடக்கியது எப்படி? 1897 ஆகஸ்ட் 20 அன்று, இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்து, அதற்குள் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901-இல், மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானில் சதுப்பு நிலத்து நீரை வடிகால் வெட்டி இறக்கினார். காட்டை வெட்டினார். காய்ச்சல் குறைந்தது. மலையடித் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது மலேரியா கூடிவிட்டது! காரணம், கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு வேறு, மலையடியில் பரப்பிய கொசு வேறு. சமவெளிக் கொசுவுக்குக் காட்டின் நிழல் வேண்டும். மலையடிக் கொசுவான அனோஃபிலிஸ் மாக்குலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் முட்டையிடும். காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுந்தது, கொசுவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, மலையடி ஓடை நீரைக் குழாய் வழியாக மண்ணுக்கடியில் விட்டார்கள். தேங்கிய நீரில் எண்ணெய் அடித்தார்கள்.

பார்த்தீர்களா, இவர்கள் எல்லாரும் கொசுவோடுதான் போராடினார்கள். கிருமியின் உடலுக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. வடிகால், எண்ணெய், பிறகு வந்த பூச்சிமருந்து, மாத்திரைகள் என்று பல தலைமுறை உழைத்ததில், 2018-இல் மலேசியாவுக்குள்ளேயே தோன்றிய மனித மலேரியா ஒன்றுகூடப் பதிவாகாத நிலை வந்தது.

ஆனால் குரங்கு மலேரியா இருக்கிறது. அதன் பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. 1930-களின் தொடக்கத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு நீண்டவால் குரங்கின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். அங்கே பணிபுரிந்த ராபர்ட் நோல்ஸும் பிராஜ் மோகன் தாஸ் குப்தாவும் 1932-இல் இது மனிதரையும் தொற்றக்கூடியது என்று காட்டினார்கள். 1965-இல் பகாங் காட்டில் தங்கிவிட்டு அமெரிக்கா திரும்பிய ஒருவருக்கு இந்தக் காய்ச்சல் இருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இதை அபூர்வம் என்றே உலகம் நினைத்தது. 2004-இல் மலேசிய அறிவியலாளர் பல்பீர் சிங்கும் அவருடைய குழுவினரும் சரவாக்கின் காப்பிட் பகுதியில் மலேரியா நோயாளிகள் 208 பேரின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தார்கள். அவர்களில் 120 பேருக்கு இருந்தது குரங்கு மலேரியா. நுண்ணோக்கியில் பார்த்தால் இது வேறொரு மலேரியாக் கிருமியைப் போலவே தெரியும். அதனால்தான் இத்தனை காலம் ஏமாந்திருந்தோம்.

இப்போது மலேசியாவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு இது வருகிறது. காட்டு ஓரத்தில் வேலை செய்பவர்களும் காட்டுக்குள் போய்வருபவர்களும்தான் பெரும்பாலும் பாதிக்கப்படுகிறார்கள். இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் நோய் வேகமாக முற்றும். நல்ல மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் குணமாகிவிடும். பள்ளி முகாமுக்காகக் காட்டுக்குப் போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால், 'காட்டுக்குப் போயிருந்தேன்' என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

காடு முழுவதும் வடிகால் வெட்ட முடியாது. குரங்குகளுக்கெல்லாம் மாத்திரை கொடுக்கவும் முடியாது. ஆகவே கிருமியின் உடலுக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டியதாகிறது. வாருங்கள், போவோம்.

மலேரியாக் கிருமி ஓர் ஒட்டுண்ணி. ஒரே ஒரு உயிரணுதான் அதன் முழு உடல். கொசு கடிக்கும்போது எச்சிலோடு சேர்ந்து தோலுக்குள் வரும் வடிவத்துக்கு ஸ்போரோசோயிட் என்று பெயர். மெலிந்து, சற்றே வளைந்து, பத்து மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு மைக்ரோமீட்டர். இந்தக் குட்டி உடல் நொடிக்கு ஒன்று முதல் இரண்டு மைக்ரோமீட்டர் ஓடும். 'அவ்வளவுதானா' என்று கேட்காதீர்கள். கிருமிகளைத் துரத்திப் பிடிக்கும் நம் வெள்ளணுக்களைவிட இது ஏறக்குறைய பத்து மடங்கு வேகம். காவலாளி வந்து சேர்வதற்குள் கிருமி ஓர் இரத்தக் குழாயைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்து, கல்லீரலுக்குப் போய்விடுகிறது.

1974-இல் ஜெரோம் வான்டர்பெர்க் என்ற அமெரிக்க அறிவியலாளர் இந்த ஓட்டத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கண்ணாடித் தகட்டில் விட்டால் ஸ்போரோசோயிட் வட்டம் வட்டமாகச் சுற்றுகிறது. அதன் உடல் நெளிவதில்லை. புழுவைப் போல் சுருங்கி விரிவதும் இல்லை. இருந்த வடிவம் மாறாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. இதைப் படமாகப் பார்க்கும் யாரும் வியக்காமல் இருக்க முடியாது.

உள்ளே எது தள்ளுகிறது? ஆக்டின் என்ற புரதம்.

ஆக்டின் உங்களுக்கு அந்நியமானதல்ல. உங்கள் கையை மடக்கிப் பாருங்கள். தசைக்குள் ஆக்டின் இழைகளும் மயோசின் என்ற இன்னொரு புரதமும் ஒன்றையொன்று பற்றி இழுத்ததால்தான் கை மடங்கியது. 1942-இல் ஹங்கேரியின் செகெட் நகரில் புருனோ ஷ்ட்ராவ்ப் என்ற இளம் ஆய்வாளர் முயலின் தசையிலிருந்து ஆக்டினைப் பிரித்தெடுத்தார். பிறகு தேடத் தேட, தசை இல்லாத உயிரிகளிலும் அது கிடைத்தது. ஈஸ்ட்டில் இருக்கிறது, நெற்பயிரில் இருக்கிறது, அமீபாவில் இருக்கிறது. மலேரியாக் கிருமியிலும் இருக்கிறது. நம்முடைய ஆக்டினையும் அதன் ஆக்டினையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் பத்தில் எட்டுப் பங்கு ஒரே மாதிரி.

கிருமியின் ஓட்டத்தைப் புரிந்துகொள்ள, அறுவடைக் காலத்தில் மெர்கோங்கைச் சுற்றியுள்ள வயலில் இறங்கும் நெல் அறுவடை இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சேற்றில் புதையாமலிருக்க அதற்குச் சக்கரத்துக்குப் பதிலாகப் பட்டை பூட்டியிருப்பார்கள். பட்டையின் அடிப்பக்கம் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். உள்ளேயிருக்கும் எந்திரம் பட்டையைப் பின்பக்கமாக இழுக்கும். பட்டை சேற்றில் பிடித்திருப்பதால் அது நகராது, வண்டிதான் முன்னே போகும். ஸ்போரோசோயிட்டும் இப்படித்தான் ஓடுகிறது. அதன் வெளிச்சவ்வுக்குக் கீழே இன்னொரு உள்சவ்வு உண்டு. இரண்டுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி. உள்சவ்வில் மயோசின் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அது ஆக்டின் இழையைப் பிடித்துப் பின்னே தள்ளும். ஆக்டின் இழை, ஓர் இணைப்புப் புரதத்தின் வழியாக, வெளிச்சவ்வைத் துளைத்து நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஒட்டும் புரதத்தோடு கோக்கப்பட்டிருக்கிறது. ஒட்டும் புரதத்தின் வெளி முனை நம் தோலைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்டின் பின்னே போகப் போக, கிருமி முன்னே போகிறது.

அந்த ஒட்டும் புரதத்தைச் சுருக்கமாக 'டிராப்' என்பார்கள். 1997-இல் நியூயார்க்கில் அலி சுல்தானும் உடன் ஆய்வாளர்களும் டிராப் இல்லாத கிருமிகளை உருவாக்கினார்கள். அவை பிறந்தன, ஆனால் ஓடவில்லை. கொசுவின் எச்சில் சுரப்பிக்குள்ளேகூட அவற்றால் நுழைய முடியவில்லை. உடலின் பின்முனைக்கு வந்து சேர்ந்த டிராப்பை என்ன செய்வது என்பதற்கும் கிருமி வழி வைத்திருக்கிறது. ஒரு நொதி அதை அங்கே வெட்டி விடுகிறது. வெட்டாவிட்டால் பின்முனை ஒட்டிக்கொண்டே இருக்கும், ஓட்டம் தடைப்படும்.

கல்லீரலுக்குள் ஒரு ஸ்போரோசோயிட் ஆயிரக்கணக்கான குட்டிகளாகப் பெருகுகிறது. இந்தக் குட்டி வடிவத்துக்கு மீரோசோயிட் என்று பெயர். ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான் இருக்கும். இது இரத்தத்துக்கு வந்ததும் சிவப்பணு ஒன்றைப் பிடித்து, மிக விரைவில் உள்ளே புகுந்துவிட வேண்டும். வெளியே அதிக நேரம் இருந்தால் செத்துவிடும். இங்கேதான் நம் குரங்குக் கிருமி கதைக்குள் வருகிறது. மனிதரை அதிகம் கொல்லும் பால்சிபேரம் கிருமியின் மீரோசோயிட் மிகச் சிறியது, சீக்கிரம் சோர்ந்துவிடும். நோலெசியின் மீரோசோயிட் கொஞ்சம் பெரியது. கொஞ்சம் கூடுதல் நேரம் உயிரோடும் இருக்கும். ஆகவே, புகும் காட்சியைப் பார்க்க விரும்பியவர்கள் நோலெசியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1975-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் டிவோராக், லூயி மில்லர் முதலியோர் நுண்ணோக்கி வழியே அதைப் படம்பிடித்தார்கள். மீரோசோயிட் சிவப்பணுவைத் தொடுகிறது. சிவப்பணு குலுங்கி நெளிகிறது. கிருமி திரும்பித் தன் கூர்முனையை அதன்மேல் வைக்கிறது, பிறகு உள்ளே போய்விடுகிறது.

1979-இல் வந்தது, என் மனத்துக்கு மிகவும் பிடித்த சோதனை. லூயி மில்லரும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேர்ந்த மசாமிச்சி ஐகாவாவும் மற்றவர்களும் நோலெசியின் மீரோசோயிட்டுகளுக்குச் சைட்டோகலாசின் என்ற பொருளைக் கொடுத்தார்கள். இது ஒருவகைப் பூஞ்சையிலிருந்து கிடைப்பது. ஆக்டின் இழை வளர்வதைத் தடுத்துவிடும். என்ன நடந்தது தெரியுமா? மீரோசோயிட் சிவப்பணுவைத் தேடிப் பிடித்தது. கூர்முனையைச் சரியாக வைத்தது. இரண்டுக்கும் இடையே உறுதியான பிணைப்பும் உருவானது. அவ்வளவுதான். வாசலில் நின்றது நின்றபடி இருந்தது, உள்ளே போக முடியவில்லை.

இதில் எவ்வளவு தெளிவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கிருமி சிவப்பணுவை அடையாளம் காண்பது ஒரு வேலை, ஒட்டிக்கொள்வது ஒரு வேலை, புகுவது ஒரு வேலை. மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடந்ததை ஒரே ஒரு பூஞ்சைப் பொருள் பிரித்துக் காட்டிவிட்டது. முதல் இரண்டுக்கும் ஆக்டின் இழை வளர வேண்டியதில்லை. மூன்றாவதற்கு அது வேண்டும். மீரோசோயிட்டும் ஸ்போரோசோயிட்டைப் போலவே வழுக்கி ஓடுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021-இல்தான் காட்டினார்கள். அதிலும் நோலெசி இருந்தது.

கிருமியின் ஆக்டினுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. நம் தசையில் ஆக்டின் இழை ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் நீளம் இருக்கும், உறுதியாக நிற்கும். கிருமியின் இழை அதில் பத்தில் ஒரு பங்குதான். கோக்கும்போதே குலைந்துவிடும். எந்த நேரமும் பெரும்பாலான ஆக்டின் தனித்தனி மணிகளாகவே மிதந்துகொண்டிருக்கிறது. குறையுள்ள ஆக்டின் என்று இதைச் சொல்லத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. சில நொடிகளுக்கு ஓர் இழை, அந்த வேலை முடிந்ததும் அதைக் கலைத்துவிட்டு வேறிடத்தில் இன்னொன்று என்று வாழும் உயிரிக்கு நீண்ட இழை இடைஞ்சலாகத்தான் இருக்கும். இதற்கு ஒரு சான்றும் உண்டு. கடற்பஞ்சு ஒன்றிலிருந்து கிடைக்கும் ஜாஸ்பிளாக்கினோலைடு என்ற பொருள் ஆக்டின் இழைகளைக் கலையாமல் கெட்டியாக்கிவிடும். அதைக் கொடுத்தாலும் கிருமி சிவப்பணுவுக்குள் புகுவது குறைந்துவிடுகிறது. இழை வளராவிட்டாலும் ஆபத்து, கலையாவிட்டாலும் ஆபத்து.

ஓடுவது ஒன்றுதான் ஆக்டினின் வேலையா? 2017-இல் கிளாஸ்கோவில் சுஜான் தாஸ், மார்க்கஸ் மைஸ்னர் முதலியோர் பால்சிபேரம் கிருமியிலிருந்து முதல் ஆக்டின் மரபணுவை வேண்டிய நேரத்தில் நீக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே அந்தக் கிருமிகளால் சிவப்பணுவுக்குள் புக முடியவில்லை. ஆனால் இருந்த சிவப்பணுவை உடைத்து வெளியே வருவதில் தடையில்லை. எதிர்பாராத இன்னொன்றும் தெரிந்தது. மலேரியாக் கிருமிக்குள் அபிக்கோபிளாஸ்ட் என்ற சிறு உறுப்பு உண்டு. மிகப் பழங்காலத்தில் கிருமியின் முன்னோர் ஒரு சிவப்புப் பாசியை விழுங்கியதில் மிஞ்சிய பகுதி அது. இலையில் இருக்கும் பசுங்கணிகத்துக்கு உறவு. இப்போது வெயிலில் உணவு தயாரிக்காது, ஆனால் கிருமி உயிர்வாழ வேண்டிய சில பொருள்களை அதுதான் செய்து தருகிறது. ஒரு கிருமி பல குட்டிகளாகப் பிரியும்போது ஒவ்வொரு குட்டிக்கும் அபிக்கோபிளாஸ்ட்டில் ஒரு பங்கு போக வேண்டும். ஆக்டின் இல்லாவிட்டால் அந்தப் பங்கீடு நடக்கவில்லை. குட்டிகள் ஒன்றைவிட்டு ஒன்று முழுதாகப் பிரியவும் இல்லை.

முதல் ஆக்டின் என்றேனே, இரண்டாவதும் உண்டு. அது கொசுவுக்குப் போகும் கட்டத்தில்தான் வேலைக்கு வருகிறது. கொசு இரத்தம் குடித்த கால் மணி நேரத்துக்குள், ஆண் கிருமி எட்டு ஆண் அணுக்களாகப் பிரிகிறது. மலேரியாக் கிருமியின் வாழ்க்கையிலேயே வால் முளைப்பது இந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான். எலி மலேரியாவில் இரண்டாவது ஆக்டினை நீக்கிப் பார்த்த கிரேக்க நாட்டின் கிரீட் தீவு ஆய்வாளர்கள், அந்த ஆண் அணுக்கள் சிவப்பணுவுக்குள்ளேயே சிக்கிக்கொண்டதை 2011-இல் எழுதினார்கள். வால் இருந்தும் வெளியே வர வழியில்லை.

அதே 2011-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. நம் சிவப்பணுவுக்கும் சொந்தமாக ஆக்டின் உண்டு, அதன் சவ்வுக்கு அடியில் வலைபோல் கிடக்கிறது. பால்சிபேரம் கிருமி அதைக் கழற்றியெடுத்து, தனக்கு வேண்டிய நீண்ட இழைகளாகக் கட்டிக்கொள்கிறது! தான் செய்யும் ஒட்டும் புரதங்களைச் சிவப்பணுவின் மேற்பரப்புக்கு அனுப்ப இந்த இழைகள் பயன்படுகின்றன. அதனால் நோயுற்ற சிவப்பணு இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, மூளைவரை அடைப்பு வருகிறது. ஆனால் அரிவாள் வடிவச் சிவப்பணு உண்டாக்கும் மரபணு உள்ளவர்களிடம் கிருமியால் இந்த இழைகளைச் சரியாகக் கட்ட முடிவதில்லை. அந்த மரபணுவின் ஒரு பிரதியைக் கொண்டவர்களைக் கடும் மலேரியா ஏன் அதிகம் தாக்குவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'அப்படியென்றால் சைட்டோகலாசினையே மாத்திரையாக விழுங்கினால் என்ன?' என்று உங்களில் யாரோ இந்நேரம் கேட்டிருப்பீர்கள். நல்ல கேள்வி. அது கிருமியின் ஆக்டினை மட்டும் தொடாது, நம் ஆக்டினையும் முடக்கும். நம் உடலில் ஆக்டின் இல்லாத உயிரணு இல்லை. பத்தில் எட்டுப் பங்கு ஒன்றாக இருப்பதன் ஆபத்து இதுதான். மீதியுள்ள இரண்டு பங்கு வேற்றுமையில்தான் மருந்துக்கு இடம் இருக்கிறது. அதனால்தான் கிருமி ஆக்டினின் வடிவத்தை அணு அணுவாக வரைந்தெடுப்பதில் இன்றைய ஆய்வாளர்கள் இவ்வளவு உழைக்கிறார்கள்.

சிலர் ஆக்டினை விட்டுவிட்டு அதைத் தள்ளும் மயோசினைக் குறிவைக்கிறார்கள். கிருமியின் மயோசின் நம்முடையதிலிருந்து ஆக்டினைவிட அதிகமாக வேறுபடுகிறது. 2023-இல் பாரிஸின் கியூரி நிறுவனத்தில் ஆன் ஹூதுஸ் என்பவரின் குழுவும் மற்றவர்களும் கேஎன்எக்ஸ்-002 என்ற சிறு மூலக்கூறு கிருமி மயோசினின் எந்தப் பள்ளத்தில் போய் உட்காருகிறது என்று படமெடுத்துக் காட்டினார்கள். அது உட்கார்ந்துவிட்டால் மயோசின் ஆக்டினைத் தள்ள முடியாது, மீரோசோயிட்டும் சிவப்பணுவுக்குள் புக முடியாது. நம் இதயத் தசை மயோசினை அது அப்படி முடக்குவதில்லை. இது இன்னும் மருந்தாகவில்லை. இன்னும் வலுவாகப் பிடிக்க வேண்டும், உடலுக்குள் போனதும் சிதையாமல் இருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தின் வடிவம் கையில் இருப்பதால், மூலக்கூறின் எந்த மூலையில் எந்த அணுவை மாற்றினால் பிடி இறுகும் என்று இனி கணக்கிட்டுப் பார்க்க முடியும்.